பூல் மேசையும் இரண்டு அரிசிச் சிப்பமும்

எங்கள் வீட்டில் பூல் மேசை வாங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதுவரை அந்த விளையாட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. எத்தனை பந்து, எத்தனை ஓட்டை, யார் ஜெயித்தார்கள் என்று எப்படிச் சொல்வது, ஒன்றும் தெரியாது. விருதுநகரில் ஏதோ ஒரு கடை மாடியில் அதை ஆடுகிறார்கள், ஆட என் மகன் சிவகாசியிலிருந்து பைக்கில் போகிறான், அப்படிப் போய்விட்டுத் திரும்பும்போது ஒருநாள் ஆமத்தூருக்கு இந்தப் பக்கம் கீழே விழுந்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். எதிரே வந்த லோடு லாரிக்கு வழிவிட ஓரம் கட்டியிருக்கிறான். ஓரத்தில் மணல். வண்டி சறுக்கியதில் இடது முன்னங்கையில் எலும்பு முறிந்தது, முழங்காலில் தோல் போனது. அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் சொன்னார், என் வீட்டுக்காரர் சொன்னார், விழுந்தவனே சொன்னான். எனக்கு வந்த போனை அவர்கள் யாரும் எடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அவன் செல்லிலிருந்து கூப்பிட்டு, "ஏங்க, இதுல அம்மான்னு போட்டுருக்கு, இவருக்கு நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்வதற்கும் அடுத்த வார்த்தையை அவர் பேசுவதற்கும் நடுவில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. அந்த லாரி கடந்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை இன்றுவரை யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

எங்களுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு யூனிட் உண்டு. வீட்டுக்காரர் யூனிட்டைப் பார்த்துக்கொள்வார். ஆபீஸ் வேலையும் லேபிள் அச்சடிக்கக் கொடுத்து வாங்குவதும் என் பொறுப்பு. தூரத்தில் எங்காவது சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவோம். எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். தெற்கே இல்லையென்றால் மூச்சு வரும், பிறகு யார் வீட்டுக்கு அந்தத் திசை என்று நினைத்து மறுபடி மூச்சு நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பயம் முழுவதும் தெற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது. வடக்கே விருதுநகர் ரோட்டிலிருந்து ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அதனால் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். பைக்கைக் கழுவி, துணி போட்டு மூடி, சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். செல்போன் ரிங் சத்தத்தை மாற்றினேன். மாற்றிய சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில்தான் இந்த யோசனை வந்தது: அவன் போகிற இடத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன?

"பூலா? வீட்டுலயா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "நாளைக்கு அவன் சினிமாவுக்குப் போகணும்பான். தியேட்டர வாங்குவமா?"

"தியேட்டரு உள்ளூர்லயே இருக்கு. நடந்து போவான்" என்றேன்.

மதுரையில் ஏதோ ஒரு கிளப்பில் பழைய மேசையை மாற்றுகிறார்கள் என்று அவருடைய ஏஜெண்டு ஒருவர் மூலம் தெரிந்தது. மூன்று துண்டுக் கருங்கல் பலகை, மேலே பச்சைத் துணி, எட்டடி நீளம். தீபாவளி கிப்ட் பாக்ஸுக்கான காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கீழ் அறையைக் காலி செய்து அங்கே இறக்கினோம். மட்டம் பார்க்க மட்டும் ஒரு நாள் முழுக்க ஆனது. கூட வந்த ஆள் போகும்போது, "இனி இதை அரை இஞ்சு கூட நகட்டிராதீங்க, மட்டம் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் கட்டுப் போட்ட கையோடு இறங்கி வந்தான். மாவுக்கட்டை அப்படியே மேசையில் வைத்து, அதன் மேல் ஸ்டிக்கை ஓட்டி ஒரு பந்தை அடித்தான். இன்னொன்றை அடித்தான். பிறகு நிமிர்ந்து, சுவரில் எரிந்துகொண்டிருந்த ட்யூப் லைட்டைப் பார்த்தான்.

"ம்மா, இந்த லைட்டுல ஆட முடியாது."

"ஏன்? நல்லாத்தான எரியுது?"

"எரியுது. இந்தா, இந்தப் பக்கம் வந்து குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் கறுப்பாய் ஒரு பந்து படுத்திருந்தது. சுவர்ப் பக்கத்து விளிம்பின் கீழே பட்டை போல இருட்டு. அங்கே ஒரு பந்து நின்றதை அவன் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

"விருதுநகர்ல எப்படி இருக்கும்?"

"அங்க மேசைக்கு மேலயே தொங்கும். நெழலே விழாது." ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்தான். "கட்டுப் பிரிக்க மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள லைட்டு சரியாச்சுன்னா இங்கனயே ஆடுறேன். இல்லேன்னா சாவியக் குடுத்துரு, நான் விருதுநகருக்கே போயிக்கிறேன்."

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. நான் சாவியைப் பூட்டி வைத்ததற்குக் குறை சொல்லவும் இல்லை. மூன்று வாரம் என்பதை மட்டும் நான் விரல் விட்டு எண்ணினேன்.

மறுநாளே எங்கள் யூனிட்டின் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது தாண்டியவர், நிதானமானவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அறைக்குள் வரும் முன் செருப்பை வாசலுக்கு வெகு தூரத்தில் கழற்றினார். கதவுப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தார். யூனிட்டில் ஷெட்டுக்குள் நுழையும் முன் உடம்பில் உள்ள கரண்டு இறங்க செப்புத் தகட்டைத் தொட வேண்டும். அங்கே தொட்டுத் தொட்டு, அவருக்கு எந்த அறைக்கும் கை தானாகப் போய்விடும்.

"மேலருந்து தொங்கணுமாம் அண்ணாச்சி. மேசைக்கு நேர் மேல."

அவர் மேலே பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேலருந்தா? ஆளு நிக்கிற எடத்துக்கு மேலயா?"

அவர் கேட்ட விதத்தில் நானும் மேலே பார்த்தேன். குனிந்து ஆடுகிற பையனின் பிடரிக்கு மேல் கண்ணாடி, கம்பி, கரண்டு. ஏற்கனவே ஒரு கையை உடைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரு கணத்தில் நானும் அண்ணாச்சியும், சொல்லி வைத்ததுபோல, எங்களுக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பட்டாசு மருந்து கையாளுகிற அறையில் நாங்கள் விளக்கு வைக்க மாட்டோம். பகல் வெளிச்சத்தில்தான் வேலை. எங்காவது வெளிச்சம் தேவைப்பட்டே தீரும் என்றால் பல்பு சுவருக்கு வெளியே இருக்கும், நடுவில் கண்ணாடி, வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். ஸ்விட்சும் வெளியே. இதைவிடப் பத்திரமான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

"வெளிய வச்சுருவமா அண்ணாச்சி?"

"அதான் சரி. கரண்டே உள்ள வர வேணாம். நாலு சன்னல் இருக்குல்ல, நாலுலயும் ஹாலஜன் போட்டு உள்ள பாக்கத் திருப்பிருவோம்."

இரண்டே நாளில் வேலை முடிந்தது. என்னிடம் பி.எஸ்.ஸி. பிசிக்ஸ் பட்டம் இருக்கிறது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். பயம் வந்தால் படித்ததெல்லாம் எந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டோம். உள்ளே எட்டிப் பார்த்தபோது, முன்பு ஒரு நிழல் வைத்திருந்த பந்துகளுக்கு இப்போது ஆளுக்கு நாலு நிழல். ஒவ்வொன்றும் பனைமர நீளம். மகன் ஆடக் குனிந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னல் மறைந்து, அவன் நிழல் மேசை முழுக்கக் கம்பளி போல விழுந்தது. எதிர்ச் சன்னல் வெளிச்சம் நேரே அவன் கண்ணில். அவன் அடிக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னலே, அடி" என்றார் அவன் அப்பா.

"எங்கன அடிக்க? போலீஸ் விசாரணையில நிக்கிற மாதிரி இருக்கு."

அதற்குள் வாசலில் குரல். பக்கத்து வீட்டு மதினி காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். "என்ன மதினி, வீட்டச் சுத்தி இம்புட்டு வெளக்கு? விசேஷமா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"ஒரு விசேஷமும் இல்ல மதினி. பிள்ளைக்கு வெளையாட."

"அவன் உள்ள இருக்கான், வெளக்கு வெளிய இருக்கு?"

என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மழை வேறு தூறியிருந்ததால் ஊரிலுள்ள ஈசல் மொத்தமும் எங்கள் சன்னல்களுக்கு வந்து சேர்ந்தது. காலையில் முறத்தால் அள்ளிப் போட்டேன். அண்ணாச்சி மட்டும் மனம் தளரவில்லை. "செவத்த ஒடைச்சு இன்னும் ரெண்டு சன்னல் வச்சா சரியாப் போகும்" என்றார்.

சுவரை உடைக்கவில்லை. ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஒரு வாரம் ஓடிப்போனது. மகன் மேசையின் மேல் பழைய சேலையை விரித்து மூடிவிட்டு, மாடியில் படுத்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "கட்டுப் பிரிக்கட்டும்டா, வாரேன்" என்று சொல்வது படியில் நிற்கிற எனக்குக் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் லேபிள் ப்ரூஃப் பார்க்க ஆப்செட் பிரஸ்ஸுக்குப் போனேன். தரைச்சக்கரப் பெட்டிக்கான லேபிள். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் மஞ்சள் எழுத்தை விழுங்கிவிடும் என்பதால் முதல் தாளை நானே நேரில் பார்த்துச் சரி சொல்வது வழக்கம். சூப்பர்வைசர் மிஷினிலிருந்து ஈரத்தோடு ஒரு தாளை உருவி, சாய்வு மேசையில் விரித்து, லென்ஸை என் கையில் கொடுத்தார்.

தாளைச் சுட்டிக் காட்ட விரலை நீட்டினேன். விரலுக்கு நிழல் இல்லை.

கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன். திருப்பி வைத்தேன். கைக்கு அடியில் மங்கலாக ஏதோ இருந்ததே தவிர நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். மேசையின் முழு நீளத்துக்கும் ஒரு தகரக் கூடு, கவிழ்த்துப் போட்ட தொட்டி போல, தலைக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ட்யூப் லைட்டுகள். வருஷக்கணக்காக அந்த மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை.

"என்னக்கா, செவப்பு தூக்கலா இருக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"செவப்பு கெடக்கட்டும். இந்த லைட்ட மாட்டுனது யாரு?"

"இதா? இது எல்லாப் பிரஸ்லயும் இருக்கும்க்கா. நெழல் விழுந்தா கலரு தப்பாத் தெரியும்ல."

நிழல் விழுந்தால் தப்பாகத் தெரியும். பி.எஸ்.ஸி. பட்டதாரியான எனக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. இஞ்சு டேப் கேட்டு வாங்கினேன். கூட்டின் நீளம், அகலம், பக்கப் பலகையின் ஆழம், மேசைக்கும் அதற்கும் இடைவெளி, எல்லாவற்றையும் லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சூப்பர்வைசர் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க ஓனரு இத விக்க மாட்டாருக்கா" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மகனிடம் காட்டினேன். அவன் வெகுநாள் கழித்து மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சேலையை விலக்கினான்.

"பிரஸ்ல நின்னுக்கிட்டுப் பாப்பாக. நாங்க குனிவோம்ம்மா. குனிஞ்சா ட்யூபு கண்ணுல படக் கூடாது. அப்பன்னா சைடு இன்னும் எறங்கணும்." நல்ல கையால் பலகையின் ஆழத்தைக் காட்டினான். "ஆனா ரொம்ப எறங்குனா ஸ்டிக்கு இடிக்கும்."

ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்து அவன் ஆடுவதுபோல நிற்க, நான் டேப்பை வைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி அளந்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அளந்தோம். மேசை மட்டத்திலிருந்து முப்பத்துநாலு இஞ்சு என்று முடிவானது. விபத்துக்குப் பிறகு அவனும் நானும் அத்தனை நேரம் ஒரே அறையில் சண்டையில்லாமல் இருந்தது அன்றுதான்.

தகரப் பட்டறையில் எட்டடிக் கூடு செய்து வாங்கினோம். உள்ளே வெள்ளை எனாமல், வெளியே பச்சை. நாலடி ட்யூப் நான்கு, இரண்டிரண்டாக. பழைய சோக்கு போட்டால் வெளிச்சம் துடிக்கும், ஓடுகிற பந்து விட்டுவிட்டுத் தெரியும் என்று பிரஸ்ஸில் சொல்லியிருந்ததால் எலெக்ட்ரானிக் சோக்கு. இதுவரைக்கும் எல்லாம் சரி. மாட்டுவதுதான் மிச்சம்.

மேசையை நகர்த்தக் கூடாது. மேற்கூரையில் ஏற்கனவே இருந்த பேன் கொக்கிகள் மேசைக்கு நேராக வரவில்லை. எனவே கான்கிரீட்டில் துளை போட்டு, விரிகிற போல்ட் அடித்து, புதிதாக இரண்டு கொக்கி. அண்ணாச்சி வேலையை முடித்து, கொக்கியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"இது தாங்குமா அண்ணாச்சி?"

"யானையவே கட்டலாம்மா."

"யானை இல்ல. சிப்பம் இருக்கு."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். நான் சமையலறையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தேன். இன்னொன்றைக் கடையிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். கொக்கிக்கு ஒன்றாக இரண்டையும் கயிற்றில் கட்டித் தூக்கினோம். கீழே மேசைத் துணி கெடக் கூடாது என்று மெத்தையை விரித்தேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அவை தொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ரெண்டும் சேத்து அம்பது கிலோ. கூடு இருவது கிலோ கூட வராதேம்மா" என்றார் அண்ணாச்சி, சற்றே மனம் நொந்து.

"தெரியும். தொங்கட்டும்."

வீட்டுக்காரர் யூனிட்டிலிருந்து வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார். நேரே கைகால் கழுவப் போனார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னிக்குச் சோறு மேலருந்து வருமா, அடுப்புலருந்து வருமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு மதினி முறுக்கு கொடுக்க வந்தவர் அரிசிச் சிப்பங்களைப் பார்த்துவிட்டு, "எலித் தொல்லையா மதினி?" என்றார் கரிசனமாக. ஆமாம் என்றேன். அதுதான் சுலபம்.

நான் மட்டும் அன்று முழுக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதா என்று மெத்தையைத் தடவினேன். ஒருமுறை நான் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது மகன் வாசலில் நின்றான். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

"ம்மா. நான் விழுந்தது மணல்ல. கொக்கியிலருந்து இல்ல."

"தெரியும்யா."

"அப்பறம் என்ன?"

"ஒன்னும் இல்ல. இதாவது என் கையில இருக்கே, இதச் செஞ்சுக்கிறேன்" என்றேன்.

அவன் உள்ளே வந்து ஒரு சிப்பத்தைத் தோளால் இடித்து ஆட்டிவிட்டான். நான் ஐயோ என்று கத்தினேன். சிப்பம் ஆடியது, கொக்கி அசையவில்லை. "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

மறுநாள் கூட்டை ஏற்றினோம். சங்கிலி போட்டால் காற்றில் ஆடும், ஆடினால் வெளிச்சமும் ஆடும் என்று பேன் ராடுகளிலேயே தொங்கவிட்டார் அண்ணாச்சி. ஸ்விட்சைத் தொடப் போனவர் ஒரு நொடி தயங்கி, என்னைப் பார்த்து, "நீங்களே போடுங்கம்மா" என்றார். போட்டேன்.

அறையில் மேசை மட்டும் இருந்தது. சுவர், பெட்டி, நாங்கள் எல்லாம் பின்னால் இருட்டுக்குள் போய்விட்டோம். பச்சைத் துணி நடவு முடிந்த வயல் மாதிரி ஒரே சீராகக் கிடந்தது. மகன் பந்துகளை முக்கோணத்துக்குள் அடுக்கினான். மேசையைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தான். லேபிள் தாளைப் பார்க்கும்போது நான் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வேன் போல என்று தோன்றியது. கட்டுக் கையைக் கீழே வைத்து, ஸ்டிக்கை ஓட்டி, அடித்தான். பந்துகள் சிதறிய சத்தத்தில் நானும் அண்ணாச்சியும் ஒன்றாகத் துள்ளினோம்.

"ம்" என்றான்.

அவன் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அடுத்த பத்து நாளை நான் சொர்க்கம் என்பேன். கட்டுப் பிரித்தார்கள். சாவியை அவன் கேட்கவில்லை. கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்குவான், காபி குடிப்பான், கீழே பந்து உருளும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியாகக் காய் நறுக்குவேன்.

ஆனால் தனியாக எத்தனை நாள் ஆடுவான்? "என் கூட்டாளிகள வரச் சொல்லட்டாம்மா?" என்றான். தாராளமாக என்றேன். சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மொத்தம் ஆறு பேர். மேசையைவிட விளக்கைத்தான் முதலில் பார்த்தார்கள். "ஏலே, விருதுநகர்ல கூட இப்படி இல்லலே" என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஜ்ஜி போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகக் கீழ் அறைக்குப் போகும்போதுதான் கவனித்தேன்.

கேட்டுக்கு வெளியே வரிசையாக ஆறு பைக்.

ஒருவன் விருதுநகர், ஒருவன் ஆமத்தூர், இரண்டு பேர் திருத்தங்கல், ஒருவன் சாத்தூர் ரோடு, ஒருவன் விஸ்வநத்தம். நான் என் மகனை ரோட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆறு வீட்டுப் பிள்ளைகளை வைத்திருக்கிறேன். அதே மணல், அதே லாரி. இப்படி ஒரு விளக்கை மாட்டாமல் இருந்திருந்தால் இவர்கள் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். பஜ்ஜித் தட்டோடு நான் கேட்டருகில் நின்றதைப் பார்த்து மதினி, "யாருக்கு மதினி, வண்டிகளுக்கா?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். ஆறு மணிக்கு மேல் ஆட்டம் கிடையாது. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவனும் என் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனுக்கு அடுத்த வாரம் ஸ்டிக் கிடையாது.

"அத்த, நாங்க எங்க அம்மாவுக்கே குடுக்கிறதில்ல" என்றான் விஸ்வநத்தத்துக்காரன்.

"அவங்க வீட்டுல பூல் மேசை இல்லல. இங்க இருக்கு."

பயல்கள் சிரித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் ஆறேகாலிலிருந்து என் செல்போன் ஒரு ரிங் அடித்து நிற்கும், மறுபடி ஒரு ரிங் அடித்து நிற்கும். முதலில் விஸ்வநத்தம், பிறகு திருத்தங்கல் இரண்டும், கடைசியில் விருதுநகர். நான் விரல் மடக்குவேன். எத்தனையோ வாரம் கழித்து, போன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை என்பதை ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது ஆமத்தூர்க்காரனின் வண்டி பஞ்சர். மற்றவர்கள் போய்விட்டார்கள். பஞ்சர் கடை பூட்டியிருந்தது. அவன் தயங்கித் தயங்கி, "பஸ்ஸுல போயிக்கிறேன் அத்த" என்றான். அவன் அம்மா ஊரில் இல்லை, வீட்டில் தங்கச்சி தனியாக இருக்கிறாள், அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும் என்று மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் என் முகத்தையே பார்த்தான்.

ஆமத்தூர். அதே ரோடு. என் மகன் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீட்டுக்காரர் யூனிட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். யோசனை கேட்க ஆள் இல்லை. நான் மாடிக்குப் போய் பீரோவைத் திறந்தேன். சாவியைக் கையில் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கீழே வந்து கொடுத்தபோது, "மெதுவாப் போ" என்றேன். அவன் பைக்கின் துணியை உருவினான். நாலைந்து உதையில் வண்டி கிளம்பியது. இரண்டு பேரும் தெரு திரும்புகிற வரை பார்த்தேன்.

கீழ் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. போனை மேசை விளிம்பில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஸ்டிக்கை எடுத்தேன். முன்பின் தொட்டதில்லை. குனிந்தேன். ட்யூப் கண்ணில் படவில்லை. பந்து பந்தாகவும் துணி துணியாகவும் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளைப் பந்தை அடித்தேன், அது எதையும் தொடாமல் போய்த் திரும்பியது. மறுபடி அடித்தேன். விஸ்வநத்தம் ரிங் வந்தது. அடித்தேன். திருத்தங்கல், இன்னொரு திருத்தங்கல். ஒரு மஞ்சள் பந்து எப்படியோ ஓட்டைக்குள் விழுந்தது. சாத்தூர் ரோடு. ஆமத்தூர் வரவில்லை. விருதுநகர்க்காரன்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டான், ஆமத்தூர் வரவில்லை. போனைக் கையில் எடுத்து, மகன் நம்பரை எடுத்து, வண்டி ஓட்டுகிறவனைக் கூப்பிடக் கூடாது என்று கீழே வைத்தேன். மேலும் மூன்று பந்துகளை அடித்தேன். எங்கே போயின என்று பார்க்கவில்லை.

வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்தேன்.

மகன் அறைக்குள் வந்தான். தலை கலைந்திருந்தது, சட்டையில் புழுதி. "அவன் செல்லுல சார்ஜு இல்லம்மா. நானாவது குடுத்திருக்கணும், மறந்துட்டேன்" என்றான். பிறகு மேசையைப் பார்த்தான். "இது என்ன? நீயா ஆடுன? வெள்ளையையும் சேத்து உள்ள போட்டு வச்சிருக்க?"

"போடக் கூடாதா?"

"போட்டா தப்பு ஆட்டம்."

"சரி, இருக்கட்டும்."

அவன் ஓட்டைக்குள் கைவிட்டு வெள்ளைப் பந்தை எடுத்து மேசையில் வைத்தான். நான் சாவிக்காகக் கையை நீட்டினேனா என்று இப்போது நினைவில்லை. அவன் கொடுக்கவும் இல்லை. பந்தை விரலால் சுழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"நாளைக்கு அவன் வண்டிய பஞ்சர் ஒட்டி நான் கொண்டுபோய் விடணும்மா. திரும்ப அவன் என்னய அதே வண்டியில கொண்டாந்து விட்டுட்டுப் போவான். போகவா?"

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.